தஞ்சாவூர் ஓலையும் மைசூர்க் காற்றும்

நவம்பர் பிறந்தால் இங்கே இங்கிலாந்தில் நம்மவர் வீடுகளில் ஒரே பேச்சுதான். காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் பூஞ்சை, பட்டுப்புடவையைப் பிரித்தால் மக்கல் வாடை. "டீஹியூமிடிஃபையர் எது வாங்கலாம்?" என்று கோயில் பிரகாரத்திலும் கேட்கிறார்கள், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலிலும் கேட்கிறார்கள்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இயந்திரம் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் நான் மைசூர்த் தமிழன். (2014 நவம்பர் முதல் அரசு ஏட்டில் மைசூரு. எங்கள் வீட்டு வாயில் இன்னும் மைசூர்தான்.) தமிழ் மண்ணில் எழுதப்பட்ட இரண்டு பெரிய செல்வங்கள் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த கதை தெரியும். ஒன்று ஓலை, இன்னொன்று காகிதம். இரண்டுக்கும் பொது எதிரி இந்த ஈரம்தான். அந்தக் கதையைச் சொன்னால் எந்தப் பெட்டி வாங்குவது என்பதும் தானே விளங்கிவிடும்.

முதலில் கொஞ்சம் பாடம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னோடு வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரர். லண்டன் கால்வாயில் படகையே வீடாக வைத்துக் குடியிருக்கிறார். இந்த ஊர்க் கால்வாய்ப் படகின் அகலம் ஏழு அடிக்கும் குறைவு. சுற்றிலும் இரும்புத் தகடு, அடியில் குளிர்ந்த தண்ணீர், உள்ளே சமையல், குளியல், துணி காயப்போடுவது எல்லாம். ஓர் ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். மண்ணெண்ணெய் அடுப்பு எரித்தால், எரியும் ஒவ்வொரு லிட்டருக்கும் இன்னொரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சேரும். போகிற வழி இல்லாவிட்டால் அத்தனையும் இரும்புச் சுவரில் முத்து முத்தாக நிற்கும். ஈரத்தோடு போராடுவது எப்படி என்று படகுவாசியைக் கேட்க வேண்டும் என்பது அதனால்தான்.

விஷயம் இதுதான். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி வெப்பத்தில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். நாம் ஈரப்பதம் என்று சதவீதத்தில் சொல்வது, அந்த வெப்பநிலையில் தாங்கக்கூடியதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. ஓவர்டிராஃப்ட் வரம்பு மாதிரி. கடன் தொகை மாறாமல் இருந்தாலும் வரம்பைக் குறைத்துவிட்டால் கணக்கு நிரம்பிவிடும் அல்லவா? காற்று குளிர்ந்தால் அதே கதை. நூறைத் தாண்டினால் மிச்சம் தண்ணீராகச் சொட்டுகிறது. 65, 70க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 40க்குக் கீழே போனால் ஓலையும் பழைய காகிதமும் மொரமொரத்து ஒடியும். 50க்கும் 60க்கும் நடுவில் ஏறாமல் இறங்காமல் வைத்திருப்பதுதான் நல்லது.

இப்போது மைசூருக்குப் போவோம்.

விக்டோரியா மகாராணியின் பொன்விழா 1887இல் வந்தது. அதன் நினைவாக எழுப்பிய ஜூபிலி மண்டபத்தில், பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில், 1891இல் கீழைக்கலை நூலகம் தொடங்கியது. ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்ப்பதும் பதிப்பிப்பதும்தான் வேலை. 1916இல் மைசூர் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதன் கீழ் போனது. 1943 முதல் ஓரியண்டல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் என்று பெயர்.

இங்கே நூலகராக இருந்தவர் ஆர். சாமா சாஸ்திரி. தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் அந்த நூலகத்தில் ஒரு சுவடிக் கட்டைக் கொடுத்தார். கூடவே பட்டசுவாமி என்பவர் எழுதிய பழைய உரையின் ஒரு பகுதியும் இருந்தது. கிரந்த எழுத்தில் எழுதிய அந்த ஓலையைப் படித்த சாஸ்திரிக்கு, அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று தெரிந்தது. பழைய நூல்களில் பேர் மட்டும் அடிபட்டுக்கொண்டிருந்த புத்தகம். 1905 முதல் ஆங்கிலத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1909இல் மூலத்தை அச்சிட்டார். 1915இல் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. பழைய இந்தியாவின் அரசியல், வரி, வியாபாரம் பற்றி உலகம் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் மாறியது.

கிரந்தம் நம் தமிழ்நாட்டு எழுத்து. தஞ்சை வட்டாரத்து ஓலை. கொடுத்த பண்டிதரின் பெயரைச் சாஸ்திரியின் முன்னுரை சொல்லவில்லை. தஞ்சாவூர் ஜில்லாக்காரர் என்பதோடு சரி. ஊரை விட்டு வந்து பிழைத்த ஓலை என்பதால் நம்மைப் போன்றவர்களுக்கு அதன்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் வருவது இயல்புதானே!

ஆச்சரியம் என்னவென்றால், அந்த நூலே ஈரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நூல். இரண்டாம் அதிகரணத்தின் ஐந்தாம் அத்தியாயம் அரசனின் கருவூல அதிகாரியைப் பற்றியது. கருவூல நிலவறைக்குக் குழி தோண்டும்போது, நீர் ஊறி ஈரம் தட்டாத அளவுக்குள் ஆழத்தை நிறுத்தச் சொல்கிறார். அடியிலும் பக்கத்திலும் கல் பாவி, உள்ளே உறுதியான மரத்தால் மூன்று தளம் கட்ட வேண்டும். பண்டசாலையில் மழையை அளக்க ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைக்கவும் சொல்கிறார். வங்கியில் ஸ்ட்ராங் ரூம் சாவி பிடித்தவனுக்கு இதைப் படித்தால் ஒரு நிமிஷம் சிலிர்க்கும். திருடனுக்கு முன்னால் ஈரத்தை நினைத்திருக்கிறார் மனிதர்.

சரி, அந்த ஓலை அத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? பனையோலையையோ தாளிப்பனை ஓலையையோ வேகவைத்து, உலர்த்தி, தேய்த்துப் பதப்படுத்தினார்கள். எழுத்தாணியால் கீறியபின் விளக்குக் கரி, மஞ்சள், இலைச்சாறு தடவினார்கள். எழுத்து தெளிவாகும், பூச்சியும் அண்டாது. இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து இறுகக் கட்டித் துணியில் சுற்றினார்கள். கட்டு இறுக்கமாக இருந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய் வர நாளாகும். கூடவே வசம்புத் துண்டு. பல வீடுகளில் சுவடிக்கு இடம் அடுக்களைப் பரண்தான். கீழே தினமும் அடுப்பு எரியும், மேலே சூடும் புகையும் போகும். மின்சாரம் இல்லாத டீஹியூமிடிஃபையர் என்றே சொல்லலாம். இப்போது நூலகங்களில் ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுகிறார்கள். ஓலைக்கு நெகிழ்ச்சி வரும், ராமபாணப் பூச்சி ஓடும்.

இத்தனை செய்தும் நம் பக்கத்து வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலையின் ஆயுள் சில நூற்றாண்டுதான். அதற்குள் யாராவது புது ஓலையில் பிரதி எடுத்தாக வேண்டும். நம் கைக்கு வந்திருக்கும் பழைய நூல் ஒவ்வொன்றும் பிரதியின் பிரதியின் பிரதி. பரண் காப்பாற்றியது பாதி என்றால், எழுத்தாணி பிடித்த கை காப்பாற்றியது மீதி. அர்த்தசாஸ்திரமும் அப்படித்தான். மைசூர் ஓலையை நம்பி மட்டும் அது இன்று இல்லை. வேறு சுவடிகளும் பிறகு கிடைத்தன. திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி 1924-25இல் இன்னொரு பதிப்புக் கொண்டுவந்தார்.

இரண்டாவது கதை காகிதம்.

கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டை அப்படியே காகிதத்தில் ஒற்றி எடுப்பதற்கு மைப்படி என்று பெயர். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் காகிதத்தை இறக்குவார்கள். பிறகு கறுப்பு மையை ஒற்றினால் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்து மடித்து வைப்பார்கள். பிறக்கும்போதே தண்ணீரில் நனைந்த காகிதம். மையில் விளக்குக் கரியோடு கோந்தும் உண்டு. காகிதம், கோந்து இரண்டுமே பூஞ்சைக்கு விருந்து.

மத்திய அரசின் கல்வெட்டுத் துறையில் இந்த வேலையை 1886-87இல் தொடங்கி வைத்தவர் ஜெர்மானியரான ஹுல்ட்ஷ். கூடவே நம்மூர் வெங்கய்யா. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடுத்த தொகுதி. அலுவலகம் பெங்களூரில் தொடங்கிச் சென்னைக்குப் போனது. பிறகு ஊட்டிக்கு ஏறியது. 1966இல் ஊட்டியிலிருந்து இறங்கி மைசூருக்கு வந்தது. சோழர், பாண்டியர், பல்லவர் கல்வெட்டுப் படிகள் ஆயிரக்கணக்கில் எங்கள் ஊரில் குடியேறியது இப்படித்தான்.

இந்த நான்கு ஊரையும் ஈரக் கணக்கில் போட்டுப் பாருங்கள். சென்னை கடற்கரை, வெப்பமும் அதிகம், ஈரமும் அதிகம். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல். மூடுபனியில் 10 டிகிரிக் காற்று 9 கிராம் நீராவியிலேயே நிரம்பிவிடும். அதே காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதம்தான். மைசூரும் பெங்களூரும் பீடபூமி. மைசூரின் உயரம் சுமார் 770 மீட்டர். கடலும் தூரம், மூடுபனியும் குறைவு. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். காகிதத்துக்கு இந்த நான்கில் மைசூர் சுகமான இடம் என்பது ஊர்ப் பாசத்தில் சொல்வதல்ல.

ஆனால் தமிழ்நாட்டில் இதில் நீண்ட நாள் மனக்குறை இருந்தது. எங்கள் கல்வெட்டுப் படிகள் ஏன் வெளி மாநிலத்தில்? ஏன் இத்தனை படிகள் இன்னும் அச்சேறவில்லை? ஆராய்ச்சி மாணவர் ஒவ்வொரு முறையும் மைசூருக்கு ரயில் ஏற வேண்டுமா? நியாயமான கேள்விகள். பல கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுகள் சிதைந்துவிட்டன. கல் போன இடத்தில் அந்தக் காகிதம் ஒன்றே சாட்சி. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. தமிழ் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. 2022இல் படிகள் சென்னைக்கு வரத் தொடங்கின.

மைசூர்க்காரனாகவும் தமிழனாகவும் இருப்பவன் இதில் என்ன சொல்வது? படிகள் தமிழ் படிக்கிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சீலிட்ட அறையில் பத்திரமாக இருந்து, ஐம்பது வருஷம் யாரும் படிக்காத கல்வெட்டும் ஒரு வகையில் நஷ்டக் கணக்குதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மைசூர்க் காற்று இத்தனை காலம் சும்மா செய்து கொடுத்த வேலையை, சென்னையில் இயந்திரம் செய்ய வேண்டும். இரவும் பகலும், ஞாயிற்றுக்கிழமையும், டிசம்பர் மழையில் மின்சாரம் போன நாளிலும்.

கணக்குப் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டு படித்தோம். கட்டடம், இயந்திரம் வாங்குவது மூலதனச் செலவு. திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு, ஃபோட்டோ உண்டு. மின் கட்டணம், பழுது பார்ப்பு, தினமும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவைக்க ஓர் ஆள் சம்பளம், இதெல்லாம் வருவாய்ச் செலவு. வருஷா வருஷம் வரும். யாரும் மாலை போட மாட்டார்கள். பட்ஜெட் வெட்டும்போது முதலில் கை வைப்பதும் இதில்தான். ஈரத்தோடு நடக்கும் சண்டை முழுக்க இரண்டாவது வகை. குளிர்சாதனத்தைப் பகலில் ஓட்டி மாலையில் நிறுத்திவிட்டுப் போனால், அறை ராத்திரி முழுக்க ஈரத்தை இழுக்கும், காலையில் மறுபடி காயும். இப்படி ஏற்றி இறக்குவது சும்மா விட்டு வைப்பதைவிடக் கெடுதல். உரிமை கேட்டு வாங்கியவர்கள் இந்த மாதாந்திரச் செலவையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

இதில் இன்னொரு வேடிக்கை. ஏர் கண்டிஷனர் என்று நாம் சொல்லும் சாமான் பிறந்ததே காகிதத்துக்காகத்தான். 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் கோடை ஈரத்தில் காகிதம் உப்பி, ஒரு நிறத்தின்மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராமல் தொல்லை கொடுத்தது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த குழாய்ச் சுருள்மேல் காற்றை ஓட்டி, ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்த ஏற்பாடு செய்தார். மனிதனுக்குக் குளுகுளு என்பது பிறகு கிடைத்த உபரி வரும்படி.

ஜப்பான்காரர்கள் வழி வேறு. நாரா நகரில் ஷோசோயின் என்று 8ஆம் நூற்றாண்டு மரக் களஞ்சியம் இருக்கிறது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது. அரச குடும்பத்துப் பட்டும் ஏடும் பெட்டிக்குள் பெட்டியாக வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை, காற்று உலர்ந்திருக்கும் இலையுதிர் காலத்தில் திறந்து பார்க்கும் வழக்கம். நம் சரஸ்வதி பூஜையும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் வருகிறது. புத்தகத்தை எல்லாம் வெளியே எடுத்துத் துடைத்து அடுக்கச் சொன்ன பெரியவர்கள் வருஷாந்திர ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கும் சேர்த்தே வழி செய்திருக்கிறார்கள்.

இனி உங்கள் பெட்டி. மூன்று வகை கடையில் கிடைக்கும்.

ஒன்று கம்ப்ரஸர் வகை. கேரியர் செய்த அதே வேலை: குளிர்ந்த சுருளில் நீராவி தண்ணீராகி டப்பாவில் சொட்டும். மின்சாரம் குறைவு. ஆனால் அறை 15 டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் பனி உறைந்து திணறும். ஹீட்டர் ஓடும் வீட்டு அறைக்கு இது போதும். இரண்டாவது, ஈரம் உறிஞ்சும் சக்கரம் உள்ளது. ஷூ பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் தெரியுமல்லவா, அந்த ஜாதி. குளிரிலும் உழைக்கும், அறையைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்யும். படகுவாசி நண்பர் வைத்திருப்பது இதுதான். குளிர்ந்த கராஜுக்கும் இதுவே சரி. 200 வாட் கம்ப்ரஸர் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். 600 வாட் சக்கர வகைக்கு அதே நேரத்தில் 4.8 யூனிட். வாங்கும் விலையைப் பார்க்காமல் மூன்று வருஷ மின் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். மூன்றாவது, குட்டியாக மேஜைமேல் வைக்கும் பெல்டியர் வகை. பீரோவுக்குள் வைக்கலாம், ஓர் அறைக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பெட்டியில் "ஒரு நாளைக்கு 20 லிட்டர்" என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. அதாவது சென்னை மழைக்கால அறை. உங்கள் 20 டிகிரி அறையில் அதில் பாதி வந்தாலே பெரிசு.

இதற்கெல்லாம் முன்னால் பத்து பவுண்டுக்குள் ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி ஒரு வாரம் எழுதி வையுங்கள். வெளியே 5 டிகிரிக் காற்று 90 சதவீத ஈரத்தோடு இருந்தாலும் அதில் உள்ளது 6 கிராம்தான். வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் 35 சதவீதம். அதனால் குளிர்காலத்தில் காலையும் மாலையும் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்தாலே பாதி ஈரம் போய்விடும். சாம்பார் கொதிக்கும்போது மூடி போடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள். இவ்வளவும் செய்தும் மீட்டர் 65க்கு மேலேயே நின்றால் அப்போது இயந்திரம்.

தாத்தா வீட்டு ஓலைக் கட்டு, பழைய ஜாதகம், கல்யாணப் புகைப்படம், நிலப் பத்திரம் எல்லாம் இங்கே கொண்டுவந்து வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. வெளிச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அதுதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூட்டவும் வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணியில் சுற்றி, உள்பக்க அலமாரியில் வைத்து, வருஷத்துக்கு இரண்டு முறையாவது பிரித்துப் பாருங்கள். நேர் வெயிலில் காய வைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எடுத்து இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். ஈரம் மட்டும்தான் எதிரி என்று இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து ஆவணங்களைத் தேடித் தேடி எண்ணிமப்படுத்தி வருகிறது. முதல் கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகளை எண்ணிமமாக்கும் திட்டத்தை இந்திய அரசும் 2023 பட்ஜெட்டில் அறிவித்தது.

உங்கள் வீட்டுக் கட்டில் இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படத்தை சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, உ.வே.சா. நூலகத்துக்கோ, தஞ்சை சரசுவதி மகாலுக்கோ அனுப்பிக் கேளுங்கள். வைத்தியமோ, கணக்கோ, கோயில் மானியமோ, எதுவாகவும் இருக்கலாம். தஞ்சாவூர்ப் பண்டிதர் தம் கட்டை வீட்டுப் பரணிலேயே விட்டிருந்தால் மைசூரில் அதைப் படிக்க ஆள் இருந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது.